தானா வந்த இடது கை

அநியாயம் செய்யப்பட்டவள் என் தங்கை டெல்பின். செய்தது செசிலியாபட்டினம் என்கிற எங்கள் கடற்கரை ஊர் முழுவதும், ஆண், பெண், பங்குச் சாமியார் உட்பட. செய்த விதம் இதுதான்: ஊருக்கே ஒன்றாக இருக்கிற கோவில் பியானோவின் கட்டைகள்மேல் அவள் தன் இடது கையை வைத்துவிட்டாள் என்று பாடத்தின் நடுவில் ஸ்டூலிலிருந்து அவளை எழுப்பி வெளியே அனுப்பினார்கள், அதற்குப் பிறகு அதே கையால் அவள் செய்த வேலையைக் காலை மாலை என்று உட்கார்ந்து அனுபவித்தார்கள், அனுபவித்துவிட்டு அதற்கு மாதாவின் புதுமை என்று பெயரும் வைத்தார்கள். புதுமை என்றால் எங்கள் பக்கத்தில் அற்புதம். யாரோ ஒருத்தி கை வலிக்கச் செய்கிற வேலைக்கு, அவள் பெயரைச் சொல்ல மனமில்லாதவர்கள் வைக்கிற பெயர் என்று நான் அர்த்தம் சொல்வேன். அகராதியில் அப்படிப் போட மாட்டார்கள்.

அவளை எழுப்பிவிட்ட பியானோ வாத்தியார் கஸ்பார் மாஸ்டர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல், கெட்டவராக இருந்தால் ஒரு மூச்சு திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவர் ஆர்மோனியத்தில் வளர்ந்தவர். ஆர்மோனியத்தில் சோத்தாங்கை கட்டையை வாசிக்கும், பீச்சாங்கை பின்னால் துருத்தியைத் தள்ளிக் காற்றடிக்கும், அதைத் தாண்டி பீச்சாங்கைக்குச் சங்கீதத்தில் ஜோலி கிடையாது. இந்த ஞானத்தோடு அவர் வாலிபராக இருந்த காலத்தில், எந்தத் துரை வீட்டிலிருந்தோ மிச்சப்பட்ட ஒரு பியானோவை மாட்டுவண்டியில் கொண்டுவந்து கோவிலில் இறக்கி, இனிமேல் இதை வாசியும் என்று அப்போதிருந்த சாமியார் சொல்ல, அவரும் அதன் முன்னால் உட்கார்ந்து வலது கையால் கட்டைகளை அமுக்கினார், இடது கையைப் பியானோவின் விலாப்பக்கம் நீட்டி, அங்கே இல்லாத துருத்தியை அடிக்க ஆரம்பித்தார். சத்தம் வந்தது. துருத்தி அடித்ததால்தான் சத்தம் வந்தது என்று அவர் நம்பினார், கேட்டுக்கொண்டிருந்த ஊரும் நம்பியது, அன்றிலிருந்து அவரிடம் படித்த பிள்ளைகள் அத்தனை பேரும் வலது கையால் வாசித்து இடது கையால் ஈ ஓட்டினார்கள். பியானோவின் வலது பாதிக் கட்டைகள் மஞ்சளாகி, விரல் பட்ட இடமெல்லாம் குழிந்துபோயிருக்க, இடது பாதி மட்டும் இப்போதுதான் முளைத்த பல் மாதிரி வெள்ளையாக இருக்கும். சினிமாவில் இரண்டு கையாலும் வாசிக்கிறார்களே மாஸ்டர் என்று எவனாவது கேட்டால், "அது சினிமாடே" என்பார், கேட்டவன் மறுபடி ஈ ஓட்டத் தொடங்குவான்.

பியானோ நோட்ஸில் இரண்டு வரிசை உண்டு. மேல் வரிசை வலது கைக்கு, அதில்தான் மெலடி, குளிக்கும்போது நாம் முணுமுணுக்கிற பகுதி. கீழ் வரிசை இடது கைக்கு, அந்த மெலடி கால் ஊன்றி நிற்கிற தரை. மாஸ்டர் ஒவ்வொரு தாளையும் கீழ் வரிசை தெரியாமல் பின்பக்கம் மடித்து, நகத்தால் அழுத்தி நீவிவிட்டுத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பார். ஏன் மாஸ்டர் மடிக்கிறீங்க என்று கேட்டால் ஒரே பதில்தான். "மெலடிய ஒழுங்காப் படி. இடது கை தானா வரும்."

தானா. தமிழில் இதைவிடப் பெரிய மோசடிச் சொல் இருந்தால் எனக்குக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் சோறு தானா வேகும், அழுக்குத்துணி தானா வெளுக்கும், கருவாடு தானா காய்ந்து தானா பெட்டிக்குள் போகும், பிள்ளைகள் தானா வளரும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் வகுப்பில் இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். இங்கே இழுக்க ஆளில்லை, அதனால் சொல்கிறேன்.

டெல்பின் பிறந்ததிலிருந்து இடது கைக்காரி. அம்மா அகப்பையாலும், கோவிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் பிரம்பாலும் தட்டித் தட்டி, சாப்பிடுவதையும் எழுதுவதையும் சிலுவை போடுவதையும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள், அவளும் மாறிக்கொடுத்தாள், என்னைப் போல எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அவள். ஆனால் மாஸ்டர் டீ குடிக்கப் போன ஒரு நாள் அந்தத் தாளின் மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டாள். அது ஒரு வால்ட்ஸ், மூன்று எண்ணிக்கையில் சுழல்கிற வெளிநாட்டு ஆட்டப் பாட்டு. கீழ் வரிசையில் முதல் எண்ணிக்கைக்கு ஒரு கனத்த ஒற்றை ஸ்வரம், அடுத்த இரண்டுக்கும் சேர்த்துப் பிடிக்கிற மெல்லிய ஸ்வரங்கள், தொம்-சா-சா, தொம்-சா-சா என்று கடைசி வரைக்கும். தன் இடது கைக்கென்று உலகத்தில் ஒருவர் எழுதிவைத்த ஒரே காகிதம் அது என்று அவளுக்குத் தோன்றியதாம். நான் அவளிடம் விட்டுவைத்திருந்த என் பழைய போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த வகுப்பில் மெலடியை வாசித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை துருத்தியை விட்டுவிட்டு அந்த வெள்ளைக் கட்டைகள்மேல் போய் உட்கார்ந்தது.

"ஏட்டி, என்ன கை அது?"

"இடது கை, மாஸ்டர்."

"கோவில் பியானோவுல பீச்சாங்கைய வைக்கியா? அந்தக் கையால என்னென்ன செய்யுதோம்னு யோசிச்சியா?"

"கழுவிட்டுத்தான் வந்தேன், மாஸ்டர்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மாஸ்டருக்கு அவமானமாகிவிட்டது. அப்போதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அன்றிலிருந்து கடைசிவரை அவள் கேட்டதும் அந்த ஒன்றுதான்: "ஒரு தடவ முழுசா வாசிச்சுக்கிடுதேன், மாஸ்டர். ரெண்டு வரிசையும் சேத்து. ஒரே தடவ." அவர் பியானோ மூடியை இறக்கினார். கை பழகின பிறகு வா என்றார். எந்தக் கை எதற்குப் பழக வேண்டும் என்று நான் மறுநாள் போய்க் கேட்டதற்கு, "உங்க வீட்டுல ஒருத்தி பேசுதா, ஒருத்தி கைய வைக்கா, ரெண்டு பேரும் தப்பான எடத்துல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குப் பின்னால் குடிதண்ணீர் பிடித்து வைக்கிற நீல டிரம் ஒன்று இருக்கிறது. டெல்பின் அதன் மூடிமேல் சாக்பீஸால் கட்டைகள் வரைந்தாள், இடது பாதியை மட்டும். வலது பாதிதான் விரலுக்குத் தெரியுமே என்றாள். வேலை ஓய்ந்த நேரமெல்லாம் அதன் முன்னால் நின்று அந்தப் போனைப் பார்த்துப் பார்த்து இடது கையால் தட்டினாள். பிளாஸ்டிக்கின்மேல் விரல் விழுகிற சத்தம் தவிர வேறொன்றும் கேட்காது. சாக்பீஸ் அழிந்தால் மறுபடி வரைவாள். கார்த்திகை மழை வந்து போனது, வாடைக்காற்று வந்து போனது, கிறிஸ்துமஸ் வந்து கேக் தீர்ந்தது, அவள் தட்டிக்கொண்டேயிருந்தாள், அம்மா அந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் பெருமூச்சு விட்டுக்கொண்டேயிருந்தாள், பிறகு தவக்காலம் தொடங்கி மீனுக்கு விலை ஏறியிருந்த ஒரு மத்தியானம் சத்தம் வந்தது.

டிரம்மில் வரவில்லை. ஊரில் வந்தது. கடற்கரையில் படகுகள் கரையேறி, சீலா மீன் குவியலுக்குப் பக்கத்தில் ஏலக்காரர் கித்தேரியான் வாயைத் திறந்து விலை கூவத் தொடங்கியபோது, அவர் குரலுக்கு அடியில், பக்கத்து அறையில் யாரோ வாசிக்கிற மாதிரி, ஆனால் கடற்கரைக்குப் பக்கத்து அறை ஏது, தொம்-சா-சா, தொம்-சா-சா என்று வந்து நின்றது. கித்தேரியான் சற்று நிறுத்தினார். அதுவும் அவருக்காகத் தொம்-சா-சா என்று காத்திருந்தது. மறுபடி கூவினார், கூவினது பாட்டாக இருந்தது. வாங்க வந்தவர்களும் மூன்றாம் எண்ணிக்கைக்குத் தலையாட்டி ஏலம் கேட்டார்கள், மீன் எப்போதையும்விடச் சீக்கிரம் விற்றது, எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதென்ன சத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கடல் ஒரு மாதிரி சத்தம் போடும், காற்று ஒரு மாதிரி, ஐஸ் ஆலை ஒரு மாதிரி, இனிமேல் இதுவும்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது, பழகினதோடு நிற்காமல் அதன்மேல் உரிமையும் கொண்டாட ஆரம்பித்தது. கரையில் நின்று கரைமடி வலை இழுப்பவர்கள் ஒரு இழுப்புக்கு இரண்டு ஓய்வு என்று மாற்றிக்கொண்டார்கள், அதைப் பற்றி அவர்களில் யாருக்கும் புகார் இல்லை. தெருக்குழாயடியில் தோக்கியம்மாளுக்கும் அவள் நாத்தனார் ரெஜினாளுக்கும் நடக்கிற சண்டை முன்பெல்லாம் குடம் நிறைவதற்குள் முடிந்துவிடும், இப்போது ஒருத்தி திட்டி முடித்ததும் மற்றவள் எண்ணிக்கை பார்த்துத் தொடங்குவதும், இடையில் நிறுத்தினால் பாட்டு அறுந்துபோகுமே என்று இருவரும் பழைய விஷயங்களையெல்லாம் தேடியெடுத்துத் திட்டுவதுமாக நீண்டது, கேட்க வருகிறவர்கள் ஸ்டூல் எடுத்து வந்தார்கள். பஸ் கண்டக்டர் எங்கள் ஊர் எல்லைக்குள் நுழையும்போதே விசிலை மூன்றாகப் பிரித்து ஊதினான். பெண் கேட்டு வந்தவர்கள், பெண் சரியில்லை என்று சொல்லத் தயாராக வந்தவர்கள், பேச்சுக்கு அடியில் ஓடிய இசையின் மரியாதைக்குக் கட்டுப்பட்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். நடக்கப் பழகுகிற குழந்தைகள் மூன்றாவது அடிக்கு ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தன.

இதெல்லாம் யாருடைய கை? எங்கள் வீட்டு நீல டிரம்மின்மேல் விழுகிற கை. நான் வார இறுதிக்கு வந்தபோது பின்வாசலில் நின்று பார்த்தேன். அவள் தட்டினால் ஊர் முழங்கியது, தட்டாவிட்டால் இல்லை. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும், ஏனென்றால் அம்மா என்னைப் பார்த்தவுடன் முதலில் சொன்னது, "நீ போயி ஊர்ல வாயக் கொடுக்காத" என்பதுதான்.

போய்க் கொடுத்தேன். அதற்குள் ஊர்க் கமிட்டி கூடி, கஸ்பார் மாஸ்டருக்கு மாலை போட்டிருந்தது. எத்தனை வருஷமாகச் சொன்னார், இடது கை தானா வரும் என்று, நாம்தான் கேலி செய்தோம், பாருங்கள், வந்துவிட்டது! மாஸ்டரும் மாலைக்குள் கழுத்தைக் கொடுத்து, நம்பாதவர்களுக்குத் தாமதமாக வரும் என்கிற மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கமிட்டித் தலைவர் சூசை மொத்தாவிடம் நான் நேரடியாகவே சொன்னேன். "மாமா, அது தானா வரல. டெல்பின் வாசிக்கா. அவ தண்ணி பிடிக்கப் போற நேரம் சத்தம் நிக்குது, சோறு வடிக்கிற நேரம் நிக்குது, கருவாடு புரட்டிப்போடுத நேரம் நிக்குது, பாத்திரம் கழுவி முடிச்சதும் தொடங்குது. நீங்களே கவனிச்சிருப்பீங்களே?"

"கவனிக்காம இருப்பமா? மாதாவும் ஒரு குடும்பத்துப் பொம்பளதானம்மா. அவங்களுக்கும் வீட்டு வேல இருக்கும்லா?"

மாதா சோறு வடிப்பார்கள், கருவாடு புரட்டுவார்கள், அது அவருக்கு நம்பக்கூடியதாக இருந்தது. டெல்பின் பியானோ வாசிப்பாள் என்பது நம்பக்கூடியதாக இல்லை. நான் பங்குச் சாமியார் ஃபாதர் அமலதாஸிடம் போனேன், அவர் ரோமில் படித்தவர், தர்க்கம் தெரிந்தவர் என்று ஒரு நம்பிக்கை.

"விசாரிக்காம திருச்சபை எதையும் புதுமைன்னு ஏத்துக்கிடாதும்மா" என்றார்.

"அப்ப விசாரிங்க, ஃபாதர். எங்க வீட்டுப் பின்வாசல் வரைக்கும் வாங்க, அஞ்சு நிமிஷ வேலை."

"விசாரிச்சா புதுமை போயிருமே" என்றார், மிக வருத்தமாக.

கடைசியில் நானே கமிட்டியை வீட்டுக்கு இழுத்து வந்தேன். டெல்பினுக்கு இதில் இஷ்டமில்லை, என் தொல்லைக்காகச் சம்மதித்தாள். தலைவர், சாமியார், மாஸ்டர், உபதேசியார் எல்லாரும் பின்வாசலில் கருவாட்டு வாசனைக்கு மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள். அவள் டிரம்மில் கை வைத்தாள், ஊரெல்லாம் தொம்-சா-சா. கையை எடுத்தாள், கடல் மட்டும். வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். குழாயடியிலிருந்து ரெஜினாள், "எவ அது பாட்ட விட்டு விட்டுப் போடுதது, நாங்க பேச வேண்டாமா?" என்று கத்துவதுகூடக் கேட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்கிற மாதிரி அவர்களைப் பார்த்தேன்.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "எப்பேர்ப்பட்ட செவி!" என்றார். "புதுமை எப்ப நிக்கும், எப்பத் தொடங்கும்னு இந்தப் பிள்ளைக்கு ஒரு நொடி முன்னாலேயே தெரியுது பாருங்க. எங்கிட்ட ஆறு மாசம் படிச்சதுக்கே இந்தச் செவி!"

தலைவர் டெல்பின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். உபதேசியார் டிரம்மில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுப் போனார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. டெல்பின் சாப்பிட்டாள், வலது கையால், சோற்றை நன்றாகப் பிசைந்து.

"உனக்குக் கோவம் வரலியாட்டி?"

"வருது" என்றாள். "அதுக்கு நான் என்ன செய்ய? உன்ன மாதிரி கத்தவா?"

"கத்தேன். இல்லன்னா நிறுத்து. ஒரு வாரம் வாசிக்காத. ஏலமும் சண்டையும் படுத்துப்போவும், எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாவ."

"வாசிக்காம இருந்தா கை மறந்துருமேக்கா." பிறகு, நான் அடுத்த வாதத்துக்கு மூச்சு இழுக்கும்போதே, "கை என்னோடது, நீ சும்மா இரு" என்றாள்.

என் சொந்தத் தங்கையே இப்படி. உலகத்தில் சுரண்டப்படுகிறவர்களுக்காக வாதாடுவதில் இருக்கிற பெரிய கஷ்டம் அவர்களிடமே முதலில் தோற்க வேண்டியிருப்பது.

இதற்கிடையில் ஊருக்கு ஒரு மனக்குறை வந்துவிட்டது. இந்தப் புதுமை மீன் ஏலத்துக்கு வருகிறது, குழாயடிக்கு வருகிறது, சீட்டாடுகிறவர்களுக்குப் பக்கத்தில்கூடப் போய் நிற்கிறது, கோவிலுக்குள் மட்டும் வருவதில்லை. பூசை மணி அடித்ததும் நின்றுவிடும், பூசை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் இட்லிக்குச் சட்னி அரைத்த பிறகுதான் மறுபடி தொடங்கும். கமிட்டி கூடி விவாதித்தது. நம்மில் யாரோ பாவம் செய்திருக்கிறார்கள் என்று ஒரு கட்சி, புதுமைக்குக் கோவிலில் ஃபேன் சத்தம் பிடிக்கவில்லை என்று ஒரு கட்சி. ஃபேனை நிறுத்திப் பார்த்தார்கள், வேர்த்ததுதான் மிச்சம். மனுஷர்களே, கோவிலுக்குள் பெண்கள் கை கூப்பி உட்கார்ந்திருக்க வேண்டும், கூப்பிய கையால் எப்படி வாசிப்பது? கூப்பாவிட்டால் உபதேசியார் பின்னாலிருந்து முதுகில் குத்துவார். இதையும் நான் சொன்னேன். "படிச்ச பிள்ளைகளுக்குப் பக்தி கொறஞ்சுதான் போவுது" என்றார்கள்.

திருவிழா நெருங்கியது. ஆயர், அதாவது பிஷப், வருகிறார் என்று செய்தி வந்ததும் ஊரே வெள்ளையடித்துக்கொண்டது. ஆடம்பரப் பூசைக்குப் பிறகு, கோவிலுக்குள்ளேயே, ஆயர் முன்னிலையில் கஸ்பார் மாஸ்டர் அந்த வால்ட்ஸின் மெலடியை வாசிப்பது, இடது கை தானாக வந்து சேர்ந்துகொள்வது, அதைப் பார்த்து ஆயர் புதுமையை அங்கீகரிப்பது என்று முடிவாகியது. மேளக்காரர்களுக்கும் வாணக்காரர்களுக்கும் சொல்வதுபோல, இதற்கும் நேரம் ஒதுக்கி நோட்டீஸில் அடித்துவிட்டார்கள். மாஸ்டர், இடது கை, அதற்குக் கீழே நன்றியுரை.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு டெல்பின், அவள் வாழ்க்கையில் தானாக எழுந்து எங்கும் போகாத டெல்பின், மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மாஸ்டர் தன் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அன்னைக்கு நான் வாசிக்கட்டா? ரெண்டு வரிசையும் படிச்சிட்டேன். ஒரு தடவ முழுசா வாசிச்சுக்கிடுதேன்."

"ஆயர் வாராவம்மா" என்றார் அவர், அதுவே காரணம் என்பதுபோல. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ முன் பெஞ்சுல உக்காரு. நல்லாக் கேக்கும்" என்றார்.

திரும்பி வரும் வழியில் நான் பேசினேன், தேவாலயம், குடும்பம், ஆர்மோனியம் மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில். அவள் இடது கை மட்டும் பாவாடையின்மேல் அசைந்துகொண்டிருந்தது, தெருவில் எங்கள் செருப்புகளுக்கு அடியில் தொம்-சா-சா என்று மெதுவாகக் கேட்டது, எதிரே வந்த தோக்கியம்மாள், "ரெண்டு பேரும் நடந்து வாரது எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திருவிழா அன்று கோவிலில் நிற்க இடமில்லை. முன் பெஞ்சில் அம்மா, டெல்பின், நான். பூசை முடிந்தது. தலைவர் மைக்கில் புதுமையின் வரலாற்றை, அதாவது மாஸ்டரின் வரலாற்றைச் சொன்னார். ஆயர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட கோட்டில் மாஸ்டர் ஸ்டூலில் அமர்ந்து, இடது கையை வழக்கமான இடத்தில் நீட்டி, துருத்தியை நாலு தடவை அடித்துவிட்டு மெலடியைத் தொடங்கினார்.

நன்றாகத்தான் வாசித்தார், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தனியாக இருந்தது. இத்தனை மாதமாக அடியில் தரை இருந்து பழகிய காதுகளுக்கு, அந்த மெலடி மாடிப்படி இல்லாத மாடியில் ஒருவர் அங்குமிங்கும் நடக்கிற மாதிரி இருந்தது. முதல் பகுதி முடிந்தது, எதுவும் வரவில்லை. மாஸ்டர் வரவேற்கிற மாதிரி புன்னகைத்துக்கொண்டே முதலிலிருந்து தொடங்கினார். சனங்கள் கூரையைப் பார்த்தார்கள், மாதா சுரூபத்தைப் பார்த்தார்கள், வாசலைப் பார்த்தார்கள், தாமதமாக வருகிற விருந்தாளியைப் பார்ப்பதுபோல. யாரோ ஃபேனை நிறுத்தினார்கள்.

என் பக்கத்தில் டெல்பின் நேராக உட்கார்ந்திருந்தாள், அவள் கைகள் கூப்பியிருந்தன, முதல் தடவை நற்கருணை வாங்குகிற பிள்ளை மாதிரி விரலோடு விரல் ஒட்டி. அவள் விதியை மீறவில்லை. கோவிலுக்குள் எப்படி இருக்கச் சொன்னார்களோ அப்படி இருந்தாள்.

மூன்றாவது தடவை தொடங்கியபோது மாஸ்டர் துருத்தியை இன்னும் வேகமாக அடித்தார். ஃபாதர் அமலதாஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஆயர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அம்மா இனியும் பொறுக்க முடியாமல் டெல்பினின் தொடையைக் கிள்ளினாள்.

"தட்டுட்டி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பெஞ்சுல லேசாத் தட்டித் தொலையேன். ஊர் மானம் போவுது."

ஆக, அம்மா வாயாலேயே வந்துவிட்டது. ஃபேன் நின்றிருந்த கோவிலில் அது நாலு பெஞ்சு வரைக்கும் கேட்டது, கேட்டவர்கள் திரும்பினார்கள், திரும்பினவர்களைப் பார்த்து மற்றவர்கள் திரும்பினார்கள். கித்தேரியான் ஏதோ புரிந்த மாதிரி தலையில் அடித்துக்கொண்டார். ரெஜினாள் எழுந்தே நின்றுவிட்டாள். "அய்ய, இவளா?" என்றாள். நான் சொன்னபோது காது கேட்காதவர்கள், கமிட்டியை வீட்டுக்குக் கூட்டி வந்து காட்டியபோது கண் தெரியாதவர்கள், ஒரு பிள்ளை கையை ஆட்டாமல் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒரே நொடியில் புரிந்துகொண்டார்கள், புரிந்துகொண்ட மறுநொடியே அவளை அவசரப்படுத்தவும் ஆரம்பித்துவிட்டார்கள். "வாசிம்மா." "சீக்கிரம் வாசிட்டி, ஆயர் போயிருவாரு." மன்னிப்பு என்ற சொல் அந்தக் கூட்டத்தில் எவர் வாயிலும் இல்லை, நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மாஸ்டர் வாசிப்பதை நிறுத்திவிட்டு ஸ்டூலிலேயே திரும்பி உட்கார்ந்தார். அவர் டெல்பினைப் பார்த்தார், பிறகு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்த தன் இடது கையைப் பார்த்தார், அது இவ்வளவு காலமும் எதைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது என்று அவருக்கு அப்போதுதான் சந்தேகம் வந்ததுபோல் அதை மடியில் இறக்கி வைத்தார். ஃபாதர் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். மாஸ்டர் தலையாட்டினார். ஸ்டூலில் வலது பக்கமாக நகர்ந்து, இடது ஓரத்தில் ஒரு சாண் இடம் விட்டார்.

"டெல்பின், வாம்மா" என்றார் மைக்கில். குரல் உடைந்திருந்தது, அது நிஜம். "எம் பக்கத்துல, இந்த ஓரத்துல வந்து உக்காரு. கீழ் வரிசைய நீ வாசி, மேல நான் பாத்துக்கிடுதேன். பீச்சா... இடது கைய வைக்கலாம். சாமியே சொல்லிட்டாவ."

கோவில் முழுக்கக் கைதட்டல். எவ்வளவு பெரிய மனசு என்று பின்னால் யாரோ சொன்னார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து நின்று, ஓரமா, யாருக்கு ஓரம் கொடுக்கிறீர்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன். டெல்பின் எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். போகிற போக்கில் என் தோளை அமுக்கி என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் போனாள், அதையும் இடது கையால் செய்தாள்.

அவள் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு எழுந்தாள். ஆயருக்குத் தலை வணங்கினாள். பியானோவுக்குப் பக்கத்தில் போய் நின்று, தாளின் கீழ் மடிப்பை விரித்து, திரும்ப மடங்காதபடி உள்ளங்கையால் தேய்த்து வைத்தாள். மாஸ்டர் விட்டுக்கொடுத்த அந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்தாள். உட்காரவில்லை. மாஸ்டர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். அப்போதும் உட்காரவில்லை. கைதட்டல் மெதுவாக ஓய்ந்தது, அம்மா ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தாள், மாஸ்டர் மைக்கைக் கையால் பொத்த மறந்து, "என்னம்மா, இடம் பத்தலியா?" என்று கேட்டார்.

"எனக்கு வலது கையும் இருக்கு, மாஸ்டர்" என்றாள் டெல்பின். "நீங்க எந்திரிங்க."